கேப்டன் அமெரிக்கா வருகிறார்: கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுங்கள்

‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ அமெரிக்காவில் 2011 ஜூலை 22 அன்று வெளியாகிறது. ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்டீவ் ராஜர்ஸ் என்ற நியூயார்க் புரூக்ளின் நோஞ்சான், ஒரு ஊசியால் பலசாலியாகி, கொடி உடுப்பும் கேடயமுமாகப் போருக்குப் போகும் காமிக்ஸ் கதை இது. அதற்குள் ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. நாற்பதுகளின் காமிக்ஸ் பைத்தியம் எனக்கு உண்டு, அந்த எல்லைக்குள் கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்வேன். எத்தனை கோடி வசூலிக்கும், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள்.

பாப்கார்ன்: அயர்ன் மேன் வருவாரா?

கதை நடப்பது இரண்டாம் உலகப்போரில். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் அப்போது பிறக்கவே இல்லை. அப்பா ஹோவர்ட் ஸ்டார்க் வருகிறார், டொமினிக் கூப்பர் நடிக்கிறார். அதோடு திருப்திப்படுங்கள்.

நிலாமுற்றம்: கேப்டனாகக் கிறிஸ் எவன்ஸை எப்படி ஏற்பது? ஃபென்டாஸ்டிக் ஃபோரில் உடம்பெல்லாம் தீயாகப் பறந்தவர்தானே?

அவரேதான், 2005-லும் 2007-லும். அதில் அவர் நடித்த ஜானி ஸ்டார்ம் வாய் ஓயாத பேர்வழி, ஸ்டீவ் ராஜர்ஸோ கூச்சம் பிடித்தவன், அதனால் சந்தேகம் நியாயம்தான். இந்த வேடத்தை முதலில் வேண்டாம் என்று மறுத்தவர் எவன்ஸ். தயங்கி வந்த ஆள் கொஞ்சம் பயத்தோடு நடிப்பார், ஸ்டீவுக்கு அந்தப் பயம்தான் தேவை என்று நினைக்கிறேன்.

ஒல்லிப்பிச்சான்: அண்ணா, டிரெய்லரில் அந்த நோஞ்சான் உடம்பு பொம்மை மாதிரி தெரியுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், ஒல்லியாக இருந்தால் உண்மையிலேயே ராணுவத்தில் சேர்க்க மாட்டார்களா?

பெயருக்கேற்ற கேள்வி தம்பி. இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வியும் இதுதான்.

பெரும்பாலும் எவன்ஸின் உடம்பையே கணினியில் சுருக்கியிருக்கிறார்கள், சில இடங்களில் மெலிந்த இன்னொரு நடிகரின் உடம்பு. தோள் குறுகினால் மட்டும் போதாது, சட்டை தொளதொளக்க வேண்டும், எதிரே நிற்பவர் பார்வை தாழ வேண்டும். டிரெய்லரில் பார்த்தவரை எனக்கு உறுத்தவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1940 செப்டம்பரில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. கூப்பிட்ட ஆட்களை மருத்துவர்கள் சோதித்து வகை பிரிப்பார்கள். 1-ஏ என்றால் தேறிவிட்டான், 4-எஃப் என்றால் லாயக்கில்லை. எடை குறைவு, கண் கோளாறு என்று பல காரணங்கள், பல் சொத்தை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே ஏராளம். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்குச் செவிப்பறையில் ஓட்டை, அவரும் 4-எஃப். நாங்கள் இங்கே சேற்றில் கிடக்கிறோம், இவன் அங்கே பெண்களுக்கு நடுவில் பாடிக்கொண்டிருக்கிறான் என்று முன்னணியில் இருந்தவர்களுக்கு அவர்மேல் கடும் எரிச்சல். புகழின் உச்சியில் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், சீருடை இல்லாமல் தெருவில் நடக்கும் புரூக்ளின் நோஞ்சானை ஊர் எப்படிப் பார்த்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த அவமானத்தைப் படம் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஊசி போட்ட பிறகு வரும் சண்டையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

கண்ணாடிக்காரன்: த்ரீடியில் பார்க்கலாமா?

வேண்டாம். த்ரீடி கேமராவில் எடுத்த படமில்லை இது, சாதாரணமாக எடுத்து அப்புறம் மாற்றியது. போன வருடம் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்தை அவசர அவசரமாக மாற்றி வாங்கிக் கட்டிக்கொண்டார்களே, மறந்துவிட்டதா? இது பழுப்பும் நிழலுமான நாற்பதுகளின் நிறத்தில் எடுத்த படம். அதன் மேல் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டால் என்ன மிஞ்சும்? டூடி போதும்.

வட்டம்: கேப்டனின் கேடயம் முதலில் முக்கோணமாக இருந்ததாமே?

ஆமாம். காமிக்ஸின் முதல் இதழில் மேலே அகன்று கீழே கூராகும் கேடயம். எம்எல்ஜே என்ற வேறு நிறுவனம் 1940 தொடக்கத்திலேயே ‘தி ஷீல்ட்’ என்று கொடி உடுத்திய ஒரு நாயகனை இறக்கியிருந்தது, அவன் நெஞ்சுக் கவசம் இதே வடிவம். அவர்கள் சண்டைக்கு வந்ததால் இரண்டாவது இதழிலேயே கேடயம் வட்டமாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று. முக்கோணத்தை எறிந்து திரும்பப் பிடிப்பதை எந்தப் பிள்ளை நம்பும்?

பாப்கார்ன் 2: அயர்ன் மேன் ஒரு காட்சியிலாவது...?

மேலே பாருங்கள்.

ஓநாய்: இயக்குநர் ஜோ ஜான்ஸ்டன். போன வருடம் ‘தி வுல்ஃப்மேன்’ எடுத்தவர். என் பயம் புரிகிறதா?

புரிகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். 1991-இல் ‘தி ராக்கெட்டியர்’ எடுத்தவரும் இவர்தான். 1938-இல் நடக்கும் கதை, முதுகில் ராக்கெட் கட்டிய விமானி, எதிரில் நாஜிகள். வசூலில் படுத்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்தைக் கேலி செய்யாமல் நேசித்து எடுத்த படம். அதற்கும் முன்னால் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கிய குழுவில் இருந்தவர். பழைய காலத்துச் சாகசத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளை நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

செம்மண்: ஒரு நாட்டின் கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றும் ஆள். இது அப்பட்டமான அமெரிக்கப் பிரச்சாரம் இல்லையா? ஹிட்லரின் முதுகெலும்பை முறித்தது செஞ்சேனை. இவர்கள் ஒரு தட்டை எறிந்து ஜெயித்தார்களாம்.

தோழர், செஞ்சேனை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பிரச்சாரம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். யார் யாருக்குச் செய்த பிரச்சாரம் என்பதில்தான் நீங்கள் தடுக்கி விழுகிறீர்கள்.

கேப்டன் ஹிட்லரின் தாடையில் குத்தும் அந்த முதல் இதழின் அட்டையில் 1941 மார்ச் என்று போட்டிருக்கும், கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். அதாவது ஒரு வருடம் முன்னால், நமக்கேன் ஐரோப்பியச் சண்டை என்று பாதி நாடு சொல்லிக்கொண்டிருந்தபோது. 1939 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருபதாயிரம் பேர் கூடி நாஜி வணக்கம் வைத்தார்கள், மேடையில் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆளுயரத்தைத் தாண்டிய படம், பக்கத்திலேயே ஸ்வஸ்திகா. அதே ஊரில் உட்கார்ந்து இதை வரைந்தவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. மேயர் லா கார்டியாவே தொலைபேசியில் கூப்பிட்டுப் பாதுகாப்பு தருவதாகச் சொன்னார் என்று சைமன் சொல்லியிருக்கிறார். கிர்பி பிறகு பிரான்சில் காலாட்படையில் போரிட்டு, குளிரில் கால் கெட்டுத் திரும்பினார். அரசாங்கம் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவர்கள் இல்லை தோழர்.

செம்மண்: சரி, 1941-க்கு அது பொருந்தும். ஐம்பதுகளில்? கம்யூனிஸ்டுகளை அடிப்பவனாக மாற்றினார்களே?

மாற்றினார்கள். 1953, 54-இல் ‘கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவன்’ என்று அட்டையிலேயே போட்டு விற்றார்கள். விற்கவில்லை, மூட்டை கட்டினார்கள். 1964-இல் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவனாக மறுபடி கொண்டுவந்தபோது அந்த ஐம்பதுகளைக் கதையே கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளில், ஐம்பதுகளில் வந்தவன் உண்மையான கேப்டனே இல்லை, வெறி தலைக்கேறிய போலி என்று எழுதி அசல் கேப்டனையே அவனோடு மோதவிட்டார்கள். அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழல் சமயத்தில் அரசாங்கத்தின் மேல் வெறுப்பு வந்து ஸ்டீவ் கொடி உடுப்பையே கழற்றி எறிந்த கதையும் உண்டு, 1974-இல். சொந்தப் பாவத்தை இப்படித் தானே திருத்தி எழுதிக்கொண்ட பிரச்சாரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சோடாபுட்டி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரஷ்யாவில் படத்தின் பெயரில் ‘கேப்டன் அமெரிக்கா’ இருக்காதாமே?

ரஷ்யா, உக்ரைன், தென்கொரியா மூன்றிலும் வெறும் ‘தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ மட்டும்தான். செம்மண் தோழருக்கு இது ஒரு வெற்றி, வைத்துக்கொள்ளட்டும்.

செம்மண்: வைத்துக்கொள்கிறேன். ஆனால் டிரெய்லரில் நாஜிகளைவிட ஹைட்ரா என்ற கற்பனைக் கூட்டம்தானே அதிகம் தெரிகிறது? உண்மையான எதிரியைக் காட்டப் பயமா?

இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. எனக்கும் இதுதான் பெரிய சந்தேகம். ஹிட்லரை நேராகக் குத்தியதால் பிறந்த பாத்திரத்தை நீலக்கதிர்த் துப்பாக்கியோடு வரும் முகமூடிக் கூட்டத்தோடு மோதவிட்டால், காலம் வெறும் உடையலங்காரமாகச் சுருங்கிவிடும். பொம்மை விற்க வசதி என்பது புரிகிறது. ஆனாலும் ஸ்வஸ்திகாவை இவ்வளவு கவனமாக ஓரங்கட்டினால் கிர்பியின் ஆவி மன்னிக்காது.

சிவப்புமண்டை: வில்லன் ரெட் ஸ்கல்லுக்கு அந்தச் சிவப்பு மண்டையோடு முகமா, முகமூடியா?

படத்தில் முகம்தான், ஹ்யூகோ வீவிங் ஒப்பனையோடு வருகிறார். 1941 முதல் இதழில் ரெட் ஸ்கல் என்பவன் முகமூடி போட்ட அமெரிக்க விமானத் தொழிலதிபர். செம்மண் தோழர் கவனிக்க.

சிட்டு: ஸ்டீவின் கூட்டாளி பக்கி செத்துவிடுவாரா?

சொல்ல மாட்டேன். காமிக்ஸில் பக்கி பொடியன், படத்தில் ஸ்டீவின் வயதுக்காரன். அது நல்ல மாற்றம். போர்க்களத்துக்குப் பள்ளிப் பிள்ளையைக் கூட்டிப்போவதை இன்று யாரும் ரசிக்க மாட்டார்கள்.

பழைய பேப்பர்: இதற்கு முன் வந்த படங்கள் தேறுமா?

1944 திரைத் தொடரில் கேப்டன் கேடயமே இல்லாத அரசு வழக்கறிஞர், கையில் துப்பாக்கி. 1979 தொலைக்காட்சிப் படத்தில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் கேடயம். 1990 படத்தில் முகமூடியோடு ரப்பர் காதுகள் ஒட்டியிருக்கும். சிரிக்க வேண்டுமானால் கடைசியைப் பாருங்கள்.

பாப்கார்ன் 3: அயர்ன் மேன்...

2012 மே மாதம் அயர்ன் மேனும் கேப்டனும் சேர்ந்து வரும் ‘தி அவெஞ்சர்ஸ்’ வருகிறது. அதுவரை என்னை விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கண்ணாடிக்காரன்: சார், உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் த்ரீடிக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

அப்புறம் எதற்கய்யா என்னைக் கேட்டீர்கள்? அந்த நோஞ்சான் வரும் வரைக்குமாவது கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.