ஹாப்ஸ் ஏன் வலுவான அரசைக் கேட்டார்? சில கேள்விகள், பதில்கள்

ஐயா, மக்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு அதிகாரத்தை ஓர் அரசிடம் ஒப்படைத்தார்கள் என்கிறார்களே, அந்தச் சமூக ஒப்பந்தத்தில் யார், எப்போது கையெழுத்துப் போட்டார்கள்?

யாரும் போடவில்லை. உலகம் முழுக்க அரசே இல்லாத ஒரு காலம் இருந்ததாகத் தான் நம்பவில்லை என்று, இந்தக் கருத்தைச் சொன்ன 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸே எழுதியிருக்கிறார். அரசு இல்லாமல் போனால் என்ன ஆவோம், அதிலிருந்து மீள எதையெல்லாம் விட்டுக்கொடுப்போம் என்று யோசிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மனிதன் அவ்வளவு கெட்டவனா?

கெட்டவனாக இருக்கத் தேவையே இல்லை. அவன் என்னைத் தாக்குவானோ என்று எனக்குப் பயம், அதே பயம் அவனுக்கும். தடுக்க மூன்றாவது ஆள் இல்லையென்றால் முந்திக்கொள்வதே பாதுகாப்பு என்று இருவருக்கும் தோன்றும். சட்டமும் காவலர்களும் இருக்கும்போதே ஏன் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறாய் என்று கேட்டவர் ஹாப்ஸ்.

அண்ணா, சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர்தானே?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், எனக்கு வருத்தம்தான். அவர் காலத்தைப் பாருங்கள். படைக்கு ஆணையிடுவது யார், வரி போடுவது யார் என்ற சண்டையில் 1642-இல் இங்கிலாந்து மன்னரும் நாடாளுமன்றமும் போரில் இறங்கினார்கள். 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. 1640-லேயே பாரிஸுக்குத் தப்பிய ஹாப்ஸ், பிரிக்க முடியாத அதிகாரம் கொண்ட அரசு வேண்டும் என்று வாதாடும் 'லெவியத்தான்' நூலை 1651-இல் வெளியிட்டார். அதிகாரம் இரண்டாகப் பிரிந்தால் கடைசியில் கத்திதான் தீர்ப்புச் சொல்லும் என்பது அவர் கண்ணெதிரே நடந்த விஷயம்.

ஆனால் அந்த அதிகாரம் மன்னரிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. ஒரு சபையிடமும் இருக்கலாம் என்றார். அரசு உங்களைக் காப்பாற்றும் வரைதான் கீழ்ப்படியும் கடமை. மரண தண்டனை பெற்றவன்கூடத் தன் உயிருக்காக எதிர்த்துப் போராடலாம் என்கிறார். பாரிஸில் இருந்த அரச விசுவாசிகளுக்கே இந்த நூல் பிடிக்கவில்லை.

அந்த அரசே நம்மை விழுங்க வந்தால்?

ஹாப்ஸிடம் இதற்குப் போதுமான பதில் இல்லை என்பதே என் கருத்து. நரிகளுக்குப் பயந்து சிங்கத்திடம் போவதா என்று இன்னொரு இங்கிலாந்துச் சிந்தனையாளர் ஜான் லாக் பின்னாளில் கேட்டது நியாயம். ஆட்சியாளரும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றார் லாக்.

சரி, நிஜத்தில் மக்கள் கூடி அரசை உண்டாக்கியது உண்டா?

எனக்குத் தெரிந்து மிக நெருங்கி வருவது, கிழக்கு ஆப்பிரிக்காவில் சோமாலியாவின் வடக்குப் பகுதியாக இருந்த சோமாலிலாந்து. 1988-இல் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு, அங்கிருந்த ஹர்கேசா நகரைத் தன் சொந்த விமானங்களால் குண்டு போட்டு அழித்தது. 1991-இல் அந்த அரசு விழுந்ததும் தெற்கே ஆயுதக் குழுக்களின் போர். வடக்கிலும் மோதல்கள் வந்தன. 1993-இல் போராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். ஆயுதக் குழுக்களைக் கட்டுக்குள் கொண்டுவர ஒப்புக்கொண்டு, முகமது எகாலை அதிபராகத் தேர்ந்தெடுத்து, பெரியவர்களுக்கென்றே ஒரு மேலவையும் வைத்தார்கள். அடுத்த ஆண்டே மறுபடி சண்டை மூண்டது. 1997-இல் இன்னொரு மாநாட்டில் திரும்பவும் பேசி முடித்தார்கள்.