நுண்துளைக்குள் உறையாத நீர்

கேள்வி: மணலின் முக்கியப் பொருளான சிலிக்காவின் நானோ துளைகளுக்குள் உள்ள நீர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழும் உறையாதாமே? உள்ளே எட்டிப் பார்க்க முடியாத நிலையில் அதை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

பதில்: உண்மைதான். 1992-இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஎம்-41 என்னும் சிலிக்காவில், ஒரே விட்டமுள்ள துளைகள் தேன்கூட்டு அறைகளைப் போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். விட்டம் 4 நானோமீட்டர் எனில், உள்ளிருக்கும் பனி ஏறத்தாழ மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. 2 நானோமீட்டர் அளவுக்குக் குறுகினால் வழக்கமான பனிப்படிகம் உருவாவதே இல்லை. நீர் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 0.28 நானோமீட்டர் என்பதால், 2 நானோமீட்டர் துளையில் கிட்டத்தட்ட பாதி மூலக்கூறுகள் சுவரை ஒட்டியே நிற்க வேண்டியிருக்கிறது. மீதியுள்ளவை படிகமாக அணிவகுக்க இடம் போதுவதில்லை.

இதை அறிய உதவுவது அகச்சிவப்பு நிறமாலை, அதாவது ஒரு பொருள் எந்தெந்த அதிர்வெண்ணுள்ள அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்ற பதிவு. நீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு, அண்டை மூலக்கூறுகளுடன் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கிறதோ அந்த அளவுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிரும். திரவ நீரின் உறிஞ்சல் பட்டை சென்டிமீட்டருக்கு 3,400 அலைகளை மையமாகக் கொண்டு அகன்று கிடக்கும். பனியாகும்போது அது 3,200-ஐ நோக்கி நகர்ந்து கூர்மையடையும். உலர்ந்த சிலிக்காவின் சுவரில் தனித்து நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளோ (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள்) 3,745 அருகே ஊசிமுனை போன்ற ஒரு கோட்டைத் தரும். நீராவியைச் சிறிது சிறிதாக உள்ளே விடும்போது முதலில் அந்தக் கோடு தேய்ந்து மறைவதையும், அதன் பின்னரே திரவ நீரின் பட்டை முழு உருவில் எழுவதையும் காணலாம். நீர் முதலில் சுவரைப் பற்றிக்கொண்டு, பிறகே நடுப்பகுதியை நிரப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அகன்ற பட்டையைக் கணிதத்தால் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவகை நீர் என்று பெயரிடுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை என்பது என் கருத்து. ஒரே பட்டையைப் பலவிதமாகப் பிரிக்க முடியும். ஆகவே காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வையும் துணைக்கு அழைப்பதே முறை: அதில் அசையும் நீர் குறுகிய சமிக்ஞையையும், உறைந்த நீர் மிக அகன்ற சமிக்ஞையையும் தருவதால், குளிர்விக்கக் குளிர்விக்க உறையாமல் எஞ்சும் பங்கை நேரடியாக அளந்துவிடலாம்.

கேள்வி: எல்லா நுண்துளைகளிலும் உறைநிலை தாழுமா?

பதில்: இல்லை. சுமார் 1 நானோமீட்டர் விட்டமுள்ள கார்பன் நானோகுழாய்களில், கொதிநிலைக்கும் மேலான வெப்பநிலையில் நீர் திண்மத்தை ஒத்த நிலைக்கு மாறுவதை 2016-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ராமன் நிறமாலை (சிதறும் ஒளியைக் கொண்டு அதிர்வுகளை அறியும் முறை) வழியே கண்டனர். எனினும் அம்முறை குழாயின் அதிர்வு மாறுவதையே காட்டுகிறது; உள்ளிருப்பது படிகமா என்பதை அதைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.