திலகவதி என்றே வையுங்கள் தம்பி

பிறக்கப்போவது பெண் என்று சொல்லிவிட்டார்கள், ஊரில் இருக்கும் அம்மாவின் பெயரையே திலகவதி என்று வைக்க ஆசை, ஆனால் பிரான்சில் பிள்ளை கஷ்டப்படுமோ, அந்தப் பெயருக்கு அர்த்தம்தான் என்ன என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள் தம்பி.

நான் புதுச்சேரியிலிருந்து பாரீஸ் பக்கம் வந்து 22 வருஷம் ஆகிறது. என் மகள் பெயர் யாழினி. ழ-வுக்கு நாம் போடும் இசட், எச் என்ற இரண்டு எழுத்தில் இரண்டாவதை இங்கே வாசிக்கவே மாட்டார்கள், அதனால் பள்ளியில் முதல் நாளே, கோட் மாட்டும் கொக்கிக்கு மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து டீச்சர் 'யாசினி' என்று கூப்பிட்டார். மூன்று வயசுக் குழந்தை, வாயைத் திறந்து நாக்கை மடித்து ழ-வைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திலகவதியில் அந்தச் சிக்கலே இல்லை. ழ இல்லை, ஹ இல்லை, இவர்கள் தொண்டையில் உருட்டும் ர-வும் இல்லை. நம் 'தி' இவர்கள் வாயில் இயல்பாகவே வரும்.

திலகம் என்றால் நெற்றிப்பொட்டு, சிறந்தது என்றும் பொருள். 'வதி' வடமொழி விகுதி, உடையவள் என்று அர்த்தம். பத்மாவதி, லீலாவதி எல்லாம் இப்படி வந்தவைதான். ஆனால் கடலூர்க்காரருக்கு இதைவிட முக்கியம், அது அப்பரின் அக்கா பெயர். பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்தவர். பெற்றோரும் போய், நிச்சயித்த கலிப்பகையாரும் போரில் இறந்த பிறகு, உயிரை விடத் துணிந்தவர் தம்பிக்காகவே வாழ்ந்தார். அந்தத் தம்பி சமணத்துக்குப் போய், சூலை நோயோடு திரும்பி வந்தபோது, திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துப் போனதும் அவர்தான். அக்கா இல்லையென்றால் நமக்குத் தேவாரத்தில் அப்பர் பாட்டே கிடையாது என்பேன்.

சட்டத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். 1803-இல் போட்ட சட்டம் காலண்டரில் இருக்கும் புனிதர் பெயர்களையும் பழைய சரித்திரப் பெயர்களையும்தான் அனுமதித்தது. 1993-க்குப் பிறகு பெற்றோர் விருப்பம்தான். பிறந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும், பிறந்த நாள் அதில் சேராது. அப்புறம், பெயரைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், வாயால் சொல்லாதீர்கள். கடைசி 'தி'-க்கு, புதுச்சேரிப் பழைய பத்திரங்களில் இருப்பது போல, டெல்லிக்குப் போடும் எழுத்தையே போடுங்கள், நாம் கூப்பிடுகிற மாதிரியே மென்மையாக வரும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?