தூக்கம் வரவில்லை என்று ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிடாதீங்க

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார், மருந்தை மாற்றிக் கொடுத்ததிலிருந்து ராத்திரி இரண்டு மணி வரை கண் மூட முடியவில்லை, லோடு ஏற்றிப் போகவே பயமாக இருக்கிறதாம். இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாமா என்கிறார்.

வேண்டாமுங்க. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அதே மாத்திரை கேட்காது.

படுக்கப்போகும்போதுதானே போடுகிறீர்கள்? முன்பு கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது, தலைசுற்றும் என்று ராத்திரி போடச் சொன்னோம். இப்போது பெரும்பாலும் தருவது டோலுடெக்ராவிர் சேர்ந்தது. இது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். மருந்தை மாற்றிய அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால் இவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டிருந்தால் மறுநாள் காலை ஒன்பதுக்கே அடுத்தது. இடைவெளி ஒருதரம் குறையலாம், ஒன்றரை நாளாக நீளக் கூடாது.

டி.பி.க்கும் சேர்த்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். டி.பி. மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் உடம்பில் டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும், அதனால்தான் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனியாகத் தருகிறார்கள். அந்த ராத்திரி மாத்திரைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நீங்களாக நிறுத்தினால் எச்.ஐ.வி. மறுபடி தலைதூக்கலாம். ரிஃபாம்பிசின் முடிந்து இரண்டு வாரம் வரை அது வேண்டும். டி.பி. மருந்து முடிந்த அன்றே நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தூக்கம் வரட்டும் என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் மாத்திரை வாங்காதீங்க. சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, ஆனாலும் தெரிந்தவர் என்று கொடுக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டு விடிகாலையில் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும்? பழகினால் விடுவதும் கஷ்டம். எச்.ஐ.வி.யை மூலிகையால் வேரோடு எடுக்கிறேன் என்று ஆள் பிடிக்கிற தரகர்கள் இன்னும் மோசம். அப்படிச் சொல்லி மருந்து விற்பதையே சட்டம் தடுக்கிறது. அவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் எலும்பும் தோலுமாகத்தான் திரும்பி வருகிறார்கள்.

காலையில் போட்டும் சில வாரத்தில் தூக்கம் வரவில்லை என்றால் மருந்தையே மாற்ற வழி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் போல மனசு கனத்தால் அன்றைக்கே போங்கள். வெளியூரில் லோடோடு நிற்கிறீர்கள் என்றால் 1097 இலவச எண்ணில் கூப்பிடுங்கள், பக்கத்து மையம் எது என்று சொல்வார்கள்.