கேஎல்ல வாடகைக்கு விட கொண்டோ வாங்கணும், ரென்டல் யீல்டுன்னா என்ன?

வீட்டு விலையில ஒரு வருஷ வாடகை எத்தன சதவீதம், அதுதான் ரென்டல் யீல்டு. செத்தாப்பாக்ல 4 லட்சம் வெள்ளிக்கு ஒரு கொண்டோ, மாசம் 1,600 வாடகைன்னு வெச்சுக்குங்க, வருஷத்துக்கு 19,200, அதாவது 4.8%. ஏஜென்ட் சொல்றது இந்தக் கணக்குதான், ஆனா நாசி லெமாக் கடையில கல்லாவுல விழுற காசு பூரா லாபமா என்ன, அரிசி, தேங்கா, கேஸ் எல்லாம் போவணும்ல. இங்கயும் மெயின்டனன்ஸும் சிங்கிங் ஃபண்டும் (பில்டிங்கோட பெரிய ரிப்பேருக்குன்னு சேக்குற காசு) சேத்து வருஷம் 3,000, சுக்காய் பிந்து (மாநகராட்சிக்குக் கட்டுற வீட்டு வரி), சுக்காய் பெத்தாக் (கொண்டோ யூனிட்டுக்கான நில வரி), இன்சூரன்ஸ் மூணும் சேத்து ஒரு 800, ஆள் மாறுறப்ப ஒரு மாசம் வீடு காலி, எல்லாம் போக மிச்சம் 13,800, அது 3.45%தான்.

90% லோன்னா 3,60,000 கடன், 4% வட்டின்னாலே முதல் வருஷம் கிட்டத்தட்ட 14,400 வட்டிக்கே போயிடும், அசலுக்கு உங்க சம்பளத்துலருந்துதான் போடணும். அதனால புக்கிங் காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த பில்டிங்கோட மெயின்டனன்ஸ் பில்ல கேட்டு வாங்கிப் பாருங்க, ப்ளீஸ்.

நிறைய பேரு விலை ஏறுனதும் உடனே வித்துடலாம்னு நெனைக்கிறாங்க, அது அப்படி இல்ல, 3 வருஷத்துக்குள்ள வித்தா பொதுவா லாபத்துல 30% ஆர்பிஜிடி வரி, குடிமக்களுக்கு அது இல்லாம போறது 6வது வருஷத்துலருந்துதான்.