ஃபார்முலா 1 பந்தயத்தில் மாசு எங்கிருந்து வருகிறது?

கார்பன் தடம் என்றால், ஒரு செயலால் காற்றில் சேரும் வெப்பமூட்டும் வாயுக்களின் மொத்தக் கணக்கு. ஃபார்முலா 1 தன் 2018 சீசனுக்கு வெளியிட்ட கணக்கு சுமார் 2,56,000 டன். அதில் கார் எஞ்சின்களின் பங்கு 0.7 சதவீதம்தான்!

2019 முதல் 2025 வரை ஒரு காருக்கு ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ எரிபொருள்தான் உச்சவரம்பு. 20 காருக்கும் சேர்த்து 2,200 கிலோ, அதாவது ஏறக்குறைய 7 டன் கரியமில வாயு. கார்கள், டயர்கள், கருவிகளைச் சுமக்கும் சரக்கு விமானம் ஒரு மணி நேரத்திலேயே இதைவிட அதிகம் எரித்துவிடும். சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 சதவீதம், ஊழியர் பயணம் 27.7. ரசிகர்கள் வந்துபோவது இந்தக் கணக்கிலேயே இல்லை. கல்யாணச் செலவில் ஹோம நெய்யை மட்டும் எழுதிவிட்டு, பந்தலையும் பந்தியையும் விட்டதுபோல்தான் எஞ்சினை மட்டும் பார்ப்பது.

ஆகவே அருகருகே உள்ள நாடுகளின் பந்தயங்களை அடுத்தடுத்து வைத்து, சரக்கு அலைவதைக் குறைக்கும்படி அட்டவணையைத் திருத்துவதே பெரிய மருந்து. ஜப்பான் பந்தயம் 2024-ல் ஏப்ரலுக்கு மாறி, மற்ற ஆசியப் பந்தயங்களை ஒட்டி வந்தது.

'பந்தய நுட்பம் நம் காருக்கு வருகிறதே' என்ற நியாயம் பாதிதான் சரி. ஃபார்முலா 1 எஞ்சின் ஆய்வகத்தில் 50 சதவீத வெப்பத்திறனை, அதாவது எரிபொருளின் ஆற்றலில் பாதியைப் பயனுள்ள வேலையாக மாற்றும் திறனைத் தொட்டது சாதனைதான். ஆனால் அதற்கு உதவிய, வெளியேறும் புகையின் ஆற்றலை மின்சாரமாக்கும் எம்ஜியு-ஹெச் கருவியை, விலையும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் நீக்கிவிட்டார்கள்.

மின்சாரக் கார் பந்தயத்தில் மாசே இல்லை என்பதும் தவறு. ஃபார்முலா இ கார்களும் விமானத்திலும் கப்பலிலும்தான் ஊர் ஊராகப் போகின்றன.