கார் ஷெட்டில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கின்றன. அட்டைப்பெட்டிகள், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள், எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத கேன்கள் என்று நிரம்பி வழிகிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை ஒரே அளவில் வாங்கி எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் இதைச் செய்ய வேறு வழி உண்டா?

பதில்: பெட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று பார்க்காமல் வாங்கும் பெட்டி, கழிக்க வேண்டிய பொருளுக்கும் நிரந்தரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிடும். கண்ணை உறுத்துவது அட்டைப்பெட்டிக் குவியல்தான் என்றாலும், மண்ணுக்கும் நீருக்கும் உண்மையில் ஆபத்தானவை மூலையில் நிற்கும் அந்தக் கேன்களே. ஆகவே திரவங்களிலிருந்து தொடங்குங்கள்.

கதவுகளைத் திறந்து வைத்து, எல்லாக் கேன்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, லேபிள் படிக்க முடிகிறவை, முடியாதவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாத எதையும் முகர்ந்து பார்க்க வேண்டாம்; இன்னொன்றில் ஊற்றவும் வேண்டாம். 'தெரியவில்லை' என்று எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.

என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலில், எரிபொருளின் எச்சங்களோடு, தேய்மானத்தால் உதிர்ந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அப்படியிருந்தும் அதைச் சுத்திகரித்து மறுபடி மசகெண்ணெயாக்க முடியும் என்பதால் அது வீணான பொருளல்ல. ஆனால் அது வேறெதுவும் கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டோ பெயின்டைக் கரைக்கும் தின்னரோ அதில் விழுந்துவிட்டால், மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டியது வெறும் நச்சுக் கழிவாகிவிடும். கரையான் ஏறாதிருக்க மரத்தில் பழைய ஆயிலைப் பூசுவோர் உண்டு. மழை அதை மரத்திலேயே விட்டுவைக்காது. மெல்ல மெல்ல மண்ணில் இறக்கிவிடும். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இதன் சுவை இனிப்பு என்பதுதான் வம்பு. தரையில் தேங்கிய சிறிதளவைக் குழந்தையோ நாயோ நக்கிவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். சிந்தியதை உடனே துடைத்தெடுத்து, கேனைப் பூட்டக்கூடிய உயரமான தட்டில் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் எந்த ரசாயனத்தையும் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை லேபிள் ஒட்டினாலும் அது குடிநீர் பாட்டிலாகவே கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, சேமித்து வைக்காமலிருப்பதே சிறந்த ஏற்பாடு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போய், எங்கோ இருக்கும் மோட்டாரின் பொறியிலோ ஹீட்டரின் சுடரிலோ பற்றிக்கொள்ளக்கூடும். போதாததற்கு, சில மாதங்களிலேயே அதன் தரமும் கெடத் தொடங்கிவிடுகிறது.

இவையெல்லாம் வெளியேறிய பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததில் பாதிகூட இருக்காது. ஆணி, திருகு போன்றவற்றுக்குப் பழைய கண்ணாடிச் சீசாக்களே போதும். அப்போதும் பிளாஸ்டிக் பெட்டி தேவைப்பட்டால், அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2 என்பது உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். 5 என்பது பாலிபுரோப்பிலீன். இரண்டும் எளிதில் உடையாதவை, மறுசுழற்சிக்கும் ஏற்றவை.

கேள்வி: சரக்கு ஏற்றிவரும் பேலட் மரங்களைப் பிரித்துக் கார் ஷெட்டுக்கு அலமாரி செய்ய விரும்புகிறேன். அவற்றில் ரசாயனம் ஏற்றியிருப்பார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: சில பேலட்டுகளின் விஷயத்தில் உண்மைதான், ஆனால் எவை என்று பேலட்டே சொல்லிவிடும். நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளோடு பூச்சிகளும் பயணம் செய்துவிடக் கூடாது என்பதற்காக ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. அதன்படி பதப்படுத்திய பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில், கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், பதப்படுத்திய முறையின் சுருக்கமும் சூடு போட்டோ அச்சடித்தோ இருக்கும். 'எச்டி' (HT) என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். இதில் ரசாயனம் இல்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 'எம்பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டியது, அதைத் தொடாதீர்கள். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயு என்பதால், 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதுவும் பின்னர் சேர்க்கப்பட்டது.

முத்திரை நல்லதாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தப் பேலட் எதைச் சுமந்தது என்பதை முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறையோ காரமான நெடியோ இருந்தால் விட்டுவிடுங்கள். பச்சை சாயலுள்ள பழைய வேலிக்கட்டைகளும் கிடைக்கலாம். அவற்றில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த காப்புப்பொருள் ஏற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அவற்றை அறுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வந்து சேரும்.

இவ்வளவு சிரமப்படத் தயாரில்லை என்றால், யாரேனும் கழித்துக்கட்டும் சமையலறை அலமாரியை வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தூள் பலகையின் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு நாளாக நாளாகக் குறையும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் புதியதைவிடப் பழையதே மேல். ஈரம் பட்டால் உப்பிவிடும். செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

கேள்வி: கார் பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: பேட்டரிக் கூடுகளைக் கடின ரப்பரில் செய்த காலத்தில் அதற்கு இடமிருந்தது. இன்றைய பாலிபுரோப்பிலீன் கூட்டுக்கு அது பொருந்தாது. எங்கே வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கத்தான் செய்யும். ஆனாலும் உள்ளே கந்தக அமிலம் இருப்பதால், சாயாமல் நிமிர்த்தி, ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் வைப்பது நல்லது. செத்த பேட்டரியை நினைவுச்சின்னமாக வைத்திருக்க வேண்டியதில்லை. அதிலுள்ள ஈயத்தைப் பிரித்தெடுத்துப் புதிய பேட்டரிக்கே பயன்படுத்துகிறார்கள். புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்துவிடுங்கள். டிரில்லிங் மெஷினின் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். குப்பையோடு சேர்ந்து நசுங்கினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: மீந்த பெயின்டையும் பிரஷ் கழுவிய டர்பன்டைனையும் என்ன செய்வது?

பதில்: டர்பன்டைனைக் கொட்டாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் ஊற்றி அசைக்காமல் வைத்தால், சில நாட்களில் சாயம் அடியில் சேறாகப் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். தெளிந்ததை வடித்தெடுத்து அடுத்த முறை பிரஷ் கழுவலாம். அடிச்சேற்றை மட்டும் அபாயகரமான கழிவோடு சேருங்கள். பெயின்ட் டப்பாவின் விளிம்பைத் துடைத்து, மூடியை அழுத்தி அடைத்து, எந்த அறைச் சுவருக்கு எப்போது அடித்தது என்று மேலேயே எழுதிவிடுங்கள். இன்னொரு டப்பா வாங்குவது பெரும்பாலும் இந்தக் குறிப்பு இல்லாததால்தான். இனிப் பயன்படாது என்று முடிவான நீர்கலந்த பெயின்டில் மரத்தூளைக் கொட்டிக் கிளறி, கட்டியான பிறகு கழிக்கலாம். எண்ணெய்ப் பெயின்டுக்கு இது பொருந்தாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆளி விதை எண்ணெயோ அது கலந்த மரப் பாலிஷோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பம் உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றி, தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். ஸ்ப்ரே டப்பாக்களையும் 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். வெயில் இறங்கும் தகரக் கூரைக்கு அடியிலுள்ள மேல் தட்டு அவற்றுக்கு ஏற்ற இடமல்ல.

கேள்வி: தரையில் ஆயில் கறை படிந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாமா?

பதில்: கழுவினால் கறை போகாது, இடம்தான் மாறும். மழைநீர் வடிகால் பல இடங்களில் எந்தச் சுத்திகரிப்புமின்றி நேராக நீர்நிலையில் சேருகிறது. கறையின் மேல் மரத்தூளோ உலர்ந்த மணலோ தாராளமாகத் தூவி, காலால் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் கூட்டியெடுங்கள். மிச்சமிருந்தால் மறுபடியும் ஒரு முறை. கூட்டியெடுத்ததைச் செடிக்குப் போடாமல், ஆயில் கழிவை ஒப்படைக்கும்போது தனிப் பையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.